தாபோவுக்கு வந்த தந்தி

ஊசி போடுவதையும் கட்டுக் கட்டுவதையும் புது நர்ஸ்களான உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் படித்ததைவிட நிறையப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள், ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நல்லபடியாக முடிந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றைச் சொன்னால் எனக்குப் பெருமை, உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதற்காக யாரும் என்மீது புகார் எழுதவில்லை. அந்த நோயாளி பிழைத்து, தன் காலால் நடந்துதான் வெளியே போனார். ஆனாலும் இந்த வேலையில் நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான்.

எண்பதுகளின் நடுவில் நான் தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பாப்பாரப்பட்டிப் பக்கம் கேழ்வரகும் கடலையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிக்கிற பெண் என்பதால், படிக்க வை என்று பங்குச் சாமியார் சொல்லி அப்பா நர்ஸிங் சேர்த்துவிட்டார். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக வரும். வார்டில் அது எனக்கு ஒரு கர்வமாகவே இருந்தது.

தொப்பூர் மலைப்பாதையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இன்னும் மோசம். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று இறங்கினால் எங்கள் வார்டு நிறைந்துவிடும். ஒரு திங்கட்கிழமை காலை அப்படித்தான் ஆனது. சேலத்திலிருந்து பெங்களூர் போய்க்கொண்டிருந்த ஒரு வேன் மீது லாரி மோதியிருந்தது. லாரி டிரைவரையும் சேர்த்து ஐந்து பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் ஒருவர் ஆறடிக்கு மேல் உயரம், நல்ல கறுப்பு, ஐம்பது வயதிருக்கும், வெளிநாட்டுக்காரர். இடது கை முறிந்திருந்தது. விலா எலும்பு உடைந்து மூச்சு வாங்கினார். மேல் உதடு நடுவிலிருந்து வலது பக்கமாகக் கிழிந்து தொங்கியது.

டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். ஐந்து பேரையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைச் சட்டென்று நாலு தையல் போட்டு மூடிவிட்டு அடுத்த ஆளுக்குப் போகலாம் என்று ஊசியோடு குனிந்தார். அந்த மனிதர் நல்ல கையால் டாக்டர் கையைத் தட்டிவிட்டார். மறுபடியும் குனிந்தார், மறுபடியும் தட்டிவிட்டார். வாயில் ரத்தம். பேச முடியவில்லை. ஏதோ முனகிக்கொண்டு தரையைக் காட்டினார்.

"குடிச்சிருக்கான் போல. கையைப் பிடிங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

நான் கையைப் பிடித்தேன். அவர் வாயிலிருந்து சாராய வாடை வரவில்லை. அவர் காட்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தோல் பெட்டி கிடந்தது. காயத்தோடு வந்தவர்களின் செருப்பு, பைகளோடு அதையும் யாரோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தேன். உள்ளே பித்தளையில் ஒரு டிரம்பெட். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வருகிற பேண்டு செட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் விரலால் தன் உதட்டைத் தொட்டார். பிறகு அந்தப் பெட்டியைக் காட்டினார். பிறகு நல்ல கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே உயர்த்திக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு நம் நாட்டுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டதாக இருக்கும். கோணலாக இருந்தது.

"சார், ஒரு நிமிஷங்க. இவரு ஊதறவருங்க. நாதஸ்வரக்காரருக்கு ஒதடு மாதிரிங்க இவருக்கும்."

"அதுக்கு?"

"சர்ஜன் வர்ற வரைக்கும் இருக்கலாமாங்க?"

சர்ஜன் உள்ளே தியேட்டரில் வேறொரு நோயாளியின் காலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தயங்கி நின்றேன். அப்போது எங்கள் ஹெட் நர்ஸ் அந்தப் பக்கம் வந்தார். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு மணி நேரம் காத்திருந்தா என்ன கெட்டுப்போகும்?"

யோசித்தேன். ரத்தம் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது. காயத்தைக் கழுவி ஈரத்துணி வைத்து மூடலாம். மூச்சை டாக்டர் பார்த்தாயிற்று.

"ஒண்ணும் கெடாதுங்க."

"இப்பவே அவசரமாத் தெச்சா?"

"அது கெட்டா கெட்டதுதாங்க."

"அப்புறம் என்ன?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டாக்டரை அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். உங்களுக்கும் இந்தக் கேள்வியைக் கொடுக்கிறேன். காத்திருப்பதா, உடனே செய்வதா என்று குழம்புகிற நேரத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பல தடவை கை கொடுத்திருக்கிறது.

சர்ஜன் வந்தார். முடியை விட மெல்லிய நூலால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து தைத்தார். உதட்டின் சிவப்பும் தோலும் சேருகிற கோடு ஒரு இழை கூட விலகவில்லை. முடித்துவிட்டு, "யார் காத்திருக்கச் சொன்னது?" என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். "குட்" என்றார். அந்த ஒரு வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நோயாளியின் விஷயத்தில் ஒருமுறை நாம் சரியாக இருந்துவிட்டால், அவருக்கு எது நல்லது என்பது நமக்குத்தான் தெரியும் என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

மற்ற மூன்று பேரை அன்று மாலையே பெங்களூர் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். இவரைக் கச்சேரிக்கு அழைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். விலா எலும்பு நுரையீரலைக் குத்திவிடக்கூடும், பத்து நாளைக்கு அசைக்க வேண்டாம் என்று சர்ஜன் சொன்னதால் இவர் மட்டும் எங்களிடம் தங்கினார். பக்கத்துக் கட்டிலில் அந்த லாரி டிரைவர். கம்பைநல்லூர்க்காரர்.

அந்த வெளிநாட்டுக்காரர் பெயர் தாபோ. உதட்டை அசைக்கக் கூடாது என்பதால் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொடுத்தோம். அட்மிஷன் படிவத்தில் சொந்த ஊர் என்கிற இடத்தை நிரப்ப நான் போய்க் கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். பாஸ்போர்ட் மாதிரி இருந்தது, ஆனால் பாஸ்போர்ட் இல்லை. அதில் எந்த நாட்டவர் என்கிற இடத்தில் 'தீர்மானிக்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

"அப்போ உங்கள் ஊர் எது?" என்றேன்.

நோட்டில் எழுதினார். தென்னாப்பிரிக்கா. தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு. போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அங்கே இருக்கிற அரசாங்கம் உள்ளே விடாது.

செவ்வாயும் புதனும் வேலை குறைந்த நேரத்தில் நான் கட்டிலருகே நிற்பேன், அவர் எழுதிக் காட்டுவார். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தவர். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைத்தவர். மாதா கோயில் பேண்டில் நசுங்கிப்போன பழைய டிரம்பெட் ஒன்று யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. பத்து வயதில் அதை எடுத்து ஊதியிருக்கிறார். பதினெட்டு வயதில் அந்த நகரத்திலேயே பேர் வாங்கிவிட்டார். ஆனால் வெள்ளைக்காரர்களோடு ஒரே மேடையில் நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு பெரிய ஓட்டலில் இவரைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து ஊதச் சொன்னார்களாம். முன்னால் ஒரு வெள்ளைக்காரர் டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பிக் காட்டினாராம். கைதட்டு அவருக்கு. இதை எழுதிவிட்டுக் கீழே, 'கன்னத்தை நன்றாக உப்பினார்' என்று எழுதினார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கக் கூடாதென்று விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சிரிக்க முடியாத விஷயங்கள் வந்தன. ஒரு ஊர்வலத்தில் அவருடைய சிநேகிதனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடக்கத்தில் இவர் ஒரு பாட்டு வாசித்தார். அடுத்த வாரம் ஊரெல்லாம் அதைப் பாட ஆரம்பித்தது. அரசாங்கம் அந்தப் பாட்டைத் தடை செய்தது. தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு பேண்டோடு கப்பலேறி லண்டன் போய்விட்டார். ஆறு மாதத்தில் திரும்பலாம் என்று நினைத்துப் போனவரிடம், பாஸ்போர்ட் காலாவதியானதும், ஊருக்கு வந்து புதுப்பித்துக்கொள் என்றார்கள். போனால் ஜெயில். லண்டனில் பாத்திரம் கழுவினார், கிளப்பில் ஊதினார், ரெக்கார்டு வெளியிட்டார். அப்புறம் ஆப்பிரிக்காவிலேயே லுசாகா என்கிற ஊர், வேறு எத்தனையோ ஊர்கள். அவருடைய ரெக்கார்டு உலகமெல்லாம் விற்றது. அவர் ஊரில் மட்டும் அதை வைத்திருந்தால் குற்றம்.

"அம்மாவிடம் பேசுவீர்களா?" என்று கேட்டேன்.

வருஷத்துக்கு இரண்டு முறை, என்று எழுதினார். கோயிலில் இருக்கிற போனுக்கு அம்மா வந்து நிற்பார். போலீஸும் கேட்டுக்கொண்டிருப்பதால் கோழியைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசுவார். கோழி எத்தனை என்பது எனக்கு அத்துப்படி, என்று கீழே எழுதினார்.

அடுத்த நாள், வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தந்தி வந்தது. பெங்களூர்ப் பேராசிரியர் அனுப்பியது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்தக் காலத்தில் தந்தி வந்தால் யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் பிரித்துவிடுவார்கள். நானும் பிரித்தேன். தாபோவின் தங்கை லண்டனுக்குச் சொல்லி, லண்டனிலிருந்து பெங்களூர் வந்து, அங்கிருந்து இங்கே வந்த செய்தி. தாய் செவ்வாயன்று காலமானார். சனி காலை பத்து மணிக்கு அடக்கம். அவ்வளவுதான்.

வராந்தாவில் நின்று நான் யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன், அதுதான் வேதனை. ஞாயிறு காலையில்தான் தையல் பிரிப்பார்கள். இப்போது சொன்னால் அழுவார். அழுதால் உதடு இழுபடும், தையல் விடும். விலா எலும்பு இருக்கிற நிலையில் விம்மினால் தாங்காது. எப்படியும் ஊருக்குப் போக முடியாது. சொல்லி என்ன பிரயோசனம்? மூன்று நாள் கழித்துச் சொன்னால் என்ன கெட்டுப்போகும்? பாருங்கள், அதே கேள்வியைத்தான் கேட்டேன். பதிலை நானே சொல்லிக்கொண்டேன். இந்த முறை ஹெட் நர்ஸிடம் போகவில்லை. டாக்டரிடமும் கேட்கவில்லை. சர்ஜன் தைத்த உதட்டுக்கு நான்தான் காவல் என்று நினைத்துக்கொண்டேன். தந்தியை மடித்து யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளியும் சனியும் அவரிடம் வழக்கத்தைவிட அன்பாக நடந்துகொண்டேன். கஞ்சியை நானே ஊட்டினேன். லாரி டிரைவர் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 'சரிங்க', 'காரங்க' என்று இரண்டு வார்த்தைகளை உதடு அசையாமல் சொல்லப் பழகியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் ரசம் சாதத்தைக் கரைத்து எடுத்துப்போனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "காரங்க" என்றார்.

"ஏனுங்க, இதுக்கே காரம்னா எங்கூட்டு ரசத்தக் குடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றார் டிரைவர்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். தாபோ கண்ணீர் வருகிற வரைக்கும் தோளைக் குலுக்கிச் சிரித்தார், விரலால் உதட்டைப் பிடித்தபடி.

ஞாயிறு காலை தையல் பிரித்தார்கள். காயம் அழகாகச் சேர்ந்திருந்தது. கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்து, சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகு நான் தந்தியை எடுத்துக் கொடுத்தேன். வருந்துகிறேன் என்றேன்.

அவர் படித்தார். நான் பயந்தது போல் அழவில்லை. காகிதத்தைத் திருப்பி, மேலே இருந்த தபால் முத்திரையைப் பார்த்தார்.

"இது வியாழக்கிழமை வந்திருக்கிறது."

"ஆமாம்."

"யார் வைத்திருந்தது?"

"நான்தான். உங்கள் உதடு..."

கையைக் காட்டி நிறுத்தினார். "அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே என்ன நேரம்?"

எனக்குத் தெரியவில்லை. அவரே விரல்விட்டு எண்ணினார். "ஒன்றரை" என்றார். "நேற்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?"

எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவு வந்துவிட்டது. "சிரித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

பிறகு மெதுவாக, அந்தப் புது உதட்டால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்வது ஒன்றே ஒன்றுதானாம். தங்கையின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. அண்ணனின் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அங்கே அது நடக்கிற நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். அம்மாவுக்கு அது தெரியும். நீ செத்தாலும் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா போனில் சொன்ன, கோழி இல்லாத ஒரே பேச்சு அதுதானாம். சரி, உட்காரு, என்றாராம்.

"நான் உன்மீது கோபமாக இல்லை என்று சொல்ல ஆசை. ஆனால் கோபமாகத்தான் இருக்கிறேன்" என்றார். "என் அப்பா எங்கே வேலை செய்ய வேண்டும், அம்மா எந்தத் தெருவில் நடக்க வேண்டும், நான் எந்தத் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். எல்லோரும் கத்தவில்லை. சில பேர் உன்னைப் போலவே அன்பாகப் பேசினார்கள். உன் நல்லதுக்குத்தான் என்றார்கள்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் டிரெஸ்ஸிங் அறையில் போய் அழுதேன். ஹெட் நர்ஸ் வந்து என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவரு செத்துப்போயிடுவாருன்னு நெனச்சியா?"

"இல்லீங்க. தையல் விட்டுரும்னு."

"விட்டா மறுபடியும் தெச்சிருப்பாங்க. இதத் தெக்க முடியாது ஸ்டெல்லா." முகம் துடைக்க ஒரு துணியை எடுத்து நீட்டினார். "போயி மன்னிப்புக் கேளு. அவரு மன்னிச்சாத்தான் போவேன்னு நிக்காத. கேட்டுட்டு வேலையப் பாரு."

கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். திங்கட்கிழமை முழுவதும் என்னிடம் பேசவில்லை. மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார், நன்றி சொல்வார். லாரி டிரைவருக்கு விஷயம் தெரிந்ததும் அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். "ஏஞ் சிஸ்டர், எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் அந்த நேரம் வாய மூடிட்டு இருந்திருப்பேனே" என்று ஒருமுறை கேட்டார். டிரைவர் அப்படி நினைத்து வருந்துவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் செய்தது அவரையும் தொட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி இருக்கும். மருத்துவமனைக்கு முன்னாலிருந்த சாலையில் மேளச் சத்தம் கேட்டது. அந்த வழியாகத்தான் பக்கத்துக் கிராமத்தின் இடுகாட்டுக்குப் போவார்கள். வார்டில் எங்களுக்குப் பழகிய சத்தம். தாபோ எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டார். பூ இறைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் முறையாகத் தானாகப் பேசினார்.

"யார் இறந்தது?"

நான் வாட்ச்மேனிடம் கேட்டுவந்து சொன்னேன். "வயதான ஒரு அம்மா. விவசாயக் குடும்பம். நான்கு பிள்ளைகளாம்."

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. ஆனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"தெரியாத ஆள் போகலாமா?"

"எங்கள் ஊரில் சாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் போகலாம்."

"நான் போக வேண்டும்."

ஓடிப்போய் ஹெட் நர்ஸிடம் கேட்டேன். விலா எலும்பு இன்னும் சேரவில்லை. முக்கால் மைல் நடக்க வேண்டும். அவர் டாக்டருக்கு ஆள் அனுப்பிக் கேட்டு, மெதுவாக நடந்தால் சரி என்று பதில் வந்ததும், "ரிஜிஸ்தர்ல எழுதி வெச்சிட்டு நீயும் கூடப் போ" என்றார்.

கட்டுப் போட்ட கையோடு ஆறடி மனிதர் ஒருவரும், வெள்ளை யூனிஃபார்மில் நானும் ஊர்வலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கடைசியாகப் போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு நின்றார். தோளில் துண்டு, சட்டை போடவில்லை.

"யாருங்க சிஸ்டர் இவரு?"

"ஆப்பிரிக்காக்காரருங்க. நம்ம ஆஸ்பத்திரில இருக்கறாரு. இவங்கம்மா போன வாரம் தவறிட்டாங்க. ஊருக்குப் போக முடியலைங்க. அதான் ஒங்க கூட வரணும்னாரு. நீங்க தப்பா நெனைக்கலீன்னா..."

"ஏனுங்க போவ முடியல? ரொம்ப தூரங்களா?"

"போனா அந்த ஊரு கவருமெண்டு புடிச்சு ஜெயில்ல போட்டுருமுங்க."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "பெத்தவ சாவுக்குப் போனாக் கூடவாங்க?"

"ஆமாங்க."

"என்ன கவருமெண்டுங்க அது" என்றவர், தாபோவை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "செத்தது எங்க மாமியாருங்க. வரச் சொல்லுங்க, நாங் கூட்டிட்டுப் போறேன். நீங்க இங்கயே நில்லுங்க சிஸ்டர். பொம்பளைங்க உள்ள வர்றதில்லீங்க."

எங்கள் கிறிஸ்தவக் கல்லறைக்குப் பெண்கள் போவோம். இங்கே வழக்கம் வேறு. சாலையோரப் புளியமரத்தடியில் நின்றேன். கருவேலம் புதருக்கு அந்தப் பக்கம் தலைகள்தான் தெரிந்தன. எல்லார் தலைக்கும் மேலே தாபோவின் தலை தெரிந்தது. மேளம் நின்றது. ஒவ்வொருவராகக் குனிந்து நிமிர்ந்தார்கள். பிறகு அந்தத் தலையும் குனிந்தது. ரொம்ப நேரம் நிமிரவில்லை. அவர் என்ன சொன்னார், அழுதாரா, எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்க வேண்டிய விஷயமும் இல்லை அது.

திரும்பி வரும்போது எல்லோரோடும் சேர்ந்து பம்புசெட்டுத் தொட்டியில் கால் கழுவியிருந்தார். மருமகன்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

"எங்க பெரிய மச்சான் ஒரு புடி மண்ண அள்ளி இவரு கையில குடுத்து, ஒங்க ஆத்தாளுக்கும் சேத்துப் போடுங்கன்னாருங்க. பாஷை தெரியாட்டி என்ன, புரிஞ்சுக்கிட்டாரு. இவங்க ஆத்தா பேரு என்னான்னு கேட்டோம். என்னமோ சொன்னாருங்க, எங்களுக்கு வாயில வரல. மச்சான் வுடலைங்க. மூணு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லி, பேர சரியாச் சொல்லிட்டுத்தான் அவரும் மண்ணப் போட்டாரு."

வார்டுக்குத் திரும்பிப் படியேறும்போது தாபோ மூச்சு வாங்க நின்று, "அவர் என் அம்மா பெயரைக் கடைசியில் நன்றாகச் சொன்னார்" என்றார்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் கார் கொண்டுவந்தார். லாரி டிரைவர் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், விலா எலும்பு நினைவு வந்து, கையை மட்டும் பிடித்துக்கொண்டார். தாபோ என்னிடம் வந்து நின்றார்.

"உதட்டுக்கு நன்றி. அது பெரிய உதவி" என்றார். "மற்றதை நான் மறக்க மாட்டேன். நீயும் மறக்காதே."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு லுசாகாவிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு கடிதம் வந்தது. சர்ஜனுக்கு எழுதியது. அதில் என்னையும் விசாரித்திருந்ததால் சர்ஜன் எனக்குப் படித்துக் காட்டினார். உதடு ஆறிவிட்டது, ஆனால் மேலே உள்ள சுரங்கள் எட்டவில்லை, அதுவரை வாசித்த பாதிப் பாட்டுகளை விட்டுவிட்டேன், கீழ் சுரத்தில் மெதுவாக வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர்கள் முன்பைவிட அமைதியாகக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். சர்ஜன் கடிதத்தை மடித்து உறையில் வைத்தார். அவ்வளவு நன்றாகத் தைத்தும் முழுதாகத் திரும்பவில்லை. நமது வேலை சில சமயம் இந்த அளவுதான். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு எந்தச் செய்தியும் இல்லை.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கடிதம் வந்த சில மாதத்தில் தொடை எலும்பு முறிந்து ஒரு அம்மாள் வார்டில் இருந்தார். எலும்பு நேராகச் சேர, காலில் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம், அசைய முடியாது. ஒரு நாள் காலை அவருடைய கொழுந்தனாரும் இன்னும் இரண்டு பேரும் வராந்தாவில் வந்து நின்றார்கள். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் விடியற்காலையில் வயலில் மயங்கி விழுந்து இறந்துபோய்விட்டாராம்.

"அண்ணிகிட்ட சொல்லீராதீங்க சிஸ்டர். தாங்க மாட்டாங்க. காலு சேந்து வூட்டுக்கு வரட்டும், மெதுவாச் சொல்லிக்கறோம்."

"தாங்குவாங்களா மாட்டாங்களான்னு அவங்கதாங்க சொல்லணும்" என்றேன். "நீங்க வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கறேன்." டாக்டரிடமும் ஹெட் நர்ஸிடமும் போய்ச் சொல்லிவிட்டு, அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

கொழுந்தனார் சொன்னார். அந்த அம்மாள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனாரைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு எடுக்கறாங்க?"

"நாலு மணிக்குங்க அண்ணி."

என் பக்கம் திரும்பினார். "என்னத் தூக்கிட்டுப் போவ முடியுமா சிஸ்டர்? மொகத்தப் பாத்துட்டு வந்துடறேன். நேரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றேன்.